பழைய தொட்டியை மூடும் நாள்

பத்தடிக்கு ரெண்டு இஞ்ச். என் தொழிலில் நான் மனப்பாடம் செய்த முதல் கணக்கு இது. 1996-இல் கூடலூரில் ஒரு பிளம்பிங் மேஸ்திரியிடம் சித்தாளாகச் சேர்ந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. முதல் ஆறு மாதம் அவர் பைப் அறுக்கும் ரம்பத்தை என்னிடம் கொடுக்கவே இல்லை. தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலின் ஒரு முனையைக் கையில் கொடுத்து, "இதப் பிடிச்சுக்கிட்டு அசையாம நில்லுடா. வாட்டம் புரியாதவன் கையில ரம்பம் எதுக்கு?" என்பார்.

வாட்டம் என்றால் சரிவு. கக்கூஸிலிருந்து போகும் நாலு இஞ்ச் பைப்புக்குப் பத்தடி நீளத்தில் இரண்டு அங்குல இறக்கம் வேண்டும். அறுபதுக்கு ஒன்று என்று இன்ஜினீயர்கள் சொல்வதும் இதைத்தான். வாட்டம் குறைந்தால் கழிவு பாதி வழியில் தங்கிவிடும். அளவுக்கு மீறிக் கூடினால் தண்ணீர் முன்னே ஓடிவிடும், கட்டி பின்தங்கிவிடும் என்பார் மேஸ்திரி. இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் பிழைத்திருக்கிறேன்.

இப்போது குடியிருக்கும் குண்டலுபேட்டைக்கு நான் வந்து சேர்ந்ததற்குக் காடுதான் காரணம். மைசூரில் வேலை அதிகம், கூலியும் பரவாயில்லை. திங்கட்கிழமை பஸ் ஏறினால் சனிக்கிழமை கூடலூர் திரும்புவேன். 2009-இல், வழியில் உள்ள பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டி போகக்கூடாது என்று தடை வந்தது. யானையும் மானும் அடிபட்டுச் சாகாமல் இருக்க வந்த தடை அது, நல்லதுதான். ஆனால் சனிக்கிழமை வேலை முடிந்து, கூலி வாங்கி, நஞ்சன்கூடு தாண்டி குண்டலுபேட்டை வந்து இறங்கும்போது பல நாள் நேரம் தப்பிவிடும். மேலுகாமனஹள்ளி செக்போஸ்ட்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும். இரண்டு மூன்று முறை பஸ் ஸ்டாண்டிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு வீட்டில் பேசி, குடும்பத்தோடு குண்டலுபேட்டைக்கே வந்துவிட்டோம். ஊருக்கு வெளியே, செண்டுமல்லித் தோட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு. காலையில் பஸ் ஏறினால் அறுபது கிலோமீட்டரில் மைசூர்.

மைசூரில் எனக்குக் கிடைத்த வேலைகளில் பாதி, செப்டிக் டேங்க் வைத்திருந்த வீடுகளை யூஜிடியில் சேர்ப்பது. பாதாளச் சாக்கடையை அங்கே எல்லோரும் யூஜிடி என்றுதான் சொல்வார்கள். ஒரு லேஅவுட்டுக்கு லைன் வந்துவிட்டால், தெருவில் ஒரு வீட்டுக்குச் செய்த கையோடு பக்கத்து நாலு வீட்டுக்காரர்களும் கூப்பிடுவார்கள்.

இந்த வேலையை எளிதாக நினைக்கிறவர்கள் மைசூரின் பழைய பேட்டைகளையும் புதிய லேஅவுட்களையும் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். 1898 வாக்கில் மைசூரைப் பிளேக் நோய் தாக்கியது. அதன் பிறகு 1903-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் போர்டு அமைத்து, நெரிசலான தெருக்களை அகலப்படுத்தினார்கள். புதிய குடியிருப்புகளை உருவாக்கினார்கள். பழைய பகுதிகளில் வீடுகளின் பின்பக்கம் ஒரு குறுகிய சந்து ஓடும். அதற்குப் பெயர் கன்சர்வென்சி. எடுப்புக் கக்கூஸ் காலத்தில் மலத்தை அள்ள வருகிறவர்கள் வீட்டு வாசல் வழியாக வரக்கூடாது என்று விட்ட சந்து அது. பின்னாளில் சாக்கடை லைனும் பல இடங்களில் அதே சந்து வழியாகவே போனது. பின்பக்கம் கக்கூஸ், பின்பக்கமே லைன். அந்த வீடுகளில் இணைப்பு கொடுப்பது அரை நாள் வேலை.

புதிய லேஅவுட்களில் அப்படி இல்லை. கன்சர்வென்சி கிடையாது. லைன் முன்பக்கத் தெருவில் ஓடும். கக்கூஸும் பழைய செப்டிக் டேங்க்கும் கொல்லைப்புறத்தில் இருக்கும். இருபது வருஷமாகப் பின்னோக்கி ஓடிய கழிவை வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் திருப்ப வேண்டும். வாட்டம் கிடைக்குமா என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

ஆனால் நான் எழுத வந்தது அந்தக் கேள்வியைப் பற்றி மட்டும் இல்லை. லைன் சேர்த்த அன்று மாலை வீட்டுக்காரர்கள் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். பழைய தொட்டியை மறந்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில், ஒரு செப்டிக் டேங்க் உபயோகத்தில் இருக்கும்போது இருப்பதைவிட, கைவிடப்பட்ட பிறகுதான் அதிக ஆபத்தானது. அதனால்தான் எந்த வீட்டிலும் இணைப்பு வேலையைப் பாதி வேலை என்றே சொல்வேன்.

2017-இல் ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் செய்த வேலையை அப்படியே சொல்கிறேன். எல்லாப் பாடமும் அதில் இருக்கிறது.

முப்பதுக்கு நாற்பது மனை. மைசூரில் நடுத்தரக் குடும்பத்து மனை என்றால் பெரும்பாலும் இந்த அளவுதான். வீட்டில் எழுபது வயது தாண்டிய ஓர் அஜ்ஜி, அதாவது பாட்டி; மகன் வேலைக்குப் போகிறவர். தொண்ணூறுகளில் கட்டிய வீடு. கொல்லையில் ஒரு தென்னை, அதன் பக்கம் துணி துவைக்கும் கல், இந்தப் பக்கம் போர்வெல். "டேங்க் எங்கேம்மா?" என்று கேட்டேன். அஜ்ஜிக்கு நினைவில்லை. கட்டியவர் அஜ்ஜியின் கணவர்; அவர் காலமாகிவிட்டார். கடைசியாக எப்போது லாரி வந்து எடுத்தது என்று கேட்டேன். "லாரியா? இதுவரை வந்ததே இல்லையே மேஸ்த்ரி" என்றார்.

கடப்பாரையின் பின்முனையால் தரையைத் தட்டிக்கொண்டே போனோம். துவைக்கும் கல்லுக்குக் கீழே சத்தம் மாறியது. கல்லைப் புரட்டிச் சாந்தைக் கொத்தியதும் சப்படிக் கற்கள், அதாவது பலகைக் கற்கள், தெரிந்தன. அஜ்ஜி இருபது வருஷமாகத் தினமும் அந்தத் தொட்டியின் தலைமேல் நின்றுதான் துணி துவைத்திருக்கிறார்.

செப்டிக் டேங்க் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டியிருக்கும். பலர் அதை மலம் சேரும் கிணறு என்று நினைக்கிறார்கள். 1860 வாக்கில் பிரான்ஸில் மூராஸ் என்பவர் தன் வீட்டுக் கழிவுக்கு இப்படி ஒரு மூடிய தொட்டி கட்டினார். சில வருஷம் கழித்துத் திறந்து பார்த்தபோது எதிர்பார்த்த அளவு கட்டிக் கழிவு அதில் இல்லை. பெரும்பாலும் தண்ணீர்தான் இருந்தது. காற்றுப் படாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று கரைத்துவிட்டிருந்தன. இன்றைய தொட்டியிலும் அடியில் சகதி படியும், மேலே எண்ணெயும் நுரையும் ஆடையாகக் கட்டும், நடுவில் உள்ள தண்ணீர் வெளியேறி உறிஞ்சு குழிக்குப் போகும். கரையாத சகதி மட்டும் வருஷத்துக்கு வருஷம் ஏறும். அதை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை லாரி வைத்து எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் தொட்டியில் தங்க இடமில்லாமல் மலம் நேராக உறிஞ்சு குழிக்குப் போய், மண்ணை அடைத்துக்கொள்ளும். "எங்க டேங்க் இருபது வருஷமா நிரம்பவே இல்ல" என்று பெருமையாகச் சொல்கிற வீடுகளில், தொட்டியின் தரையோ சுவரோ ஒழுகிக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அதாவது அறுபது அடி, இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதி. கொத்தனார்கள் மூலை மட்டம் பார்க்க மூன்று, நாலு, ஐந்து என்ற அளவு வைப்பார்கள். அந்தக் கணக்கில் முப்பதுக்கு நாற்பது மனையின் இந்த மூலைக்கும் எதிர் மூலைக்கும் நடுவே ஐம்பது அடிதான். மனையின் ஒரு கோடியில் போரும் மறு கோடியில் குழியும் வைத்தாலும் அறுபது அடி வராது. அஜ்ஜி வீட்டில் அந்த இடைவெளி இருபது அடிகூட இல்லை. சின்ன மனைகள் நெருங்கி நிற்கும் நகரத்தில் பாதாளச் சாக்கடை ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

அஜ்ஜியின் மகன் கந்தாய (வீட்டு வரி) ரசீதும் வீட்டு வரைபடமும் வைத்து இணைப்புக்கு விண்ணப்பித்தார். ரோடு வெட்டுவதற்குத் தனியாகப் பணம் கட்டினார். அனுமதி கைக்கு வரும்வரை நான் மண்வெட்டியைத் தொடவில்லை. காசை மிச்சம் பிடிக்க ராத்திரியோடு ராத்திரியாக லைனைக் குத்திப் பைப்பைச் சொருகிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொருகிய முனை பெரிய பைப்புக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். தெருவின் குப்பை முழுவதும் அதில் வந்து சிக்கும். ஆறு மாதத்தில் பத்து வீட்டுக்கு அடைக்கும். மேன்ஹோல் என்ற ஆள்நுழை குழியிலோ அதற்கென்று விட்ட வாயிலோதான் சேர்க்க வேண்டும்.

முதல் நாள் முழுவதும் அளவுதான். பின்பக்கக் கக்கூஸின் வாயிலிருந்து தெரு மேன்ஹோல் வரை ஐம்பது அடி. ஐம்பதடிக்குப் பத்து அங்குல இறக்கம். புறப்படும் இடத்தில் பைப் ஒன்றரை அடி ஆழம். அப்படியானால் மேன்ஹோலை அடையும்போது இரண்டடி நாலு அங்குலம். தெரு லைன் நாலடிக்கும் கீழே இருந்தது. வாட்டம் தாராளமாகக் கிடைத்தது. எல்லா வீட்டிலும் இப்படி அமையாது. ஒரு முறை தெருவைவிடத் தாழ்ந்த வீட்டில் எந்த மூலையில் வைத்துப் பார்த்தும் இறக்கம் வரவில்லை. "எப்படியாவது செஞ்சு குடுங்க" என்று கெஞ்சினார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வாட்டம் இல்லாத இடத்தில் பைப் போட்டால் மழைநாளில் தெருக் கழிவு வீட்டுக் கக்கூஸ் வழியாக மேலே வரும்.

பக்கச் சந்து மூன்றடி அகலம். கையால்தான் தோண்டினோம். குடிதண்ணீர்ப் பைப் குறுக்கே போன இடத்தில், சாக்கடைப் பைப் அதற்குக் கீழேதான் போக வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தினோம். சமையலறைத் தண்ணீர் வந்து சேரும் இடத்தில், நாற்றம் திரும்பி வராமல் தடுக்க ஒரு கல்லி டிராப். திருப்பம் இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சேம்பர், அதாவது திறந்து பார்க்கும் குழி. நேர் மூலையாகத் திரும்பும் பெண்டு ஒன்றுகூட வைக்கக்கூடாது.

சேம்பரின் அடித்தரையை என் கையால்தான் பூசுவேன். இதைச் சித்தாளிடம் விட்டதே இல்லை. பைப்பை நெடுக்காக இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சாந்தில் படுக்க வைத்தால் வாய்க்கால் கிடைக்கும். அதன் இரு கரையிலிருந்தும் சுவர் வரை சாந்தைச் சரிவாக ஏற்றி, மேலே வெறும் சிமென்ட் பால் விட்டு, கரண்டியின் முதுகால் தேய்க்க வேண்டும். விரலால் தடவினால் வழுக்க வேண்டும். தட்டையாக விட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கழிவு மூலையில் ஒதுங்கி, காய்ந்து, மேடு கட்டி, ஒரு நாள் வாயை அடைக்கும். மூடி போட்ட பிறகு இந்தப் பூச்சை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் பிளம்பரின் வேலை சுத்தமா இல்லையா என்பதை இங்கே பார்த்தால் தெரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் அஜ்ஜியிடம் ஓர் எலுமிச்சம்பழம் கேட்டேன். பூஜைக்கு என்று நினைத்துக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். அதை மேல் சேம்பரில் போட்டு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். ஐம்பதடி தாண்டித் தெருவோரச் சேம்பரில் குந்தியிருந்த என் உதவிப் பையன், "வந்துருச்சுண்ணா" என்று கத்தினான். பழம் எங்கும் தட்டாமல் வந்து சேர்ந்தால் பைப் நேராக இருக்கிறது, உள்ளே சாந்துக் கட்டி எதுவும் இல்லை என்று அர்த்தம்.

மாடியிலிருந்து வரும் மழைத்தண்ணீர்ப் பைப்பையும் இதிலேயே விட்டுவிடலாமா என்று மகன் கேட்டார். கூடாது என்றேன். தெருவில் ஐம்பது வீட்டுக்காரர்கள் அப்படிச் செய்தால் பெருமழையில் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு மலத்தண்ணீர் ரோட்டில் ஓடும். மைசூரின் கழிவு வித்யாரண்யபுரம், ராயனகெரே, கேசரெ என்ற மூன்று சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. அங்கே போக வேண்டியது சாக்கடை மட்டும். மழைத்தண்ணீருக்கு வழி வேறு.

மாலையில் கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு மகன் சொன்னார்: "டேங்க் அப்படியே கிடக்கட்டும் மேஸ்த்ரி. கல் மூடித்தானே இருக்கு. அடுத்த வருஷம் கழுவிவிட்டு மழைத்தண்ணீர் சேர்க்கலாம்."

அப்போது அவர்களை உட்கார வைத்து 1999-இல் நடந்ததைச் சொன்னேன்.

மலைப்பக்கம் ஓர் ஊர். ஒரு பெரிய கட்டிடத்தில் புதிய லைன் போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பழைய தொட்டி சும்மா கிடந்தது. அதைச் சுத்தம் செய்து தண்ணீர்த் தொட்டியாக மாற்றித் தரச் சொன்னார்கள். திறந்து பார்த்தோம். மேலே காய்ந்து வெடித்த களிமண் போல ஒரு படலம். நாற்றம்கூட அவ்வளவாக இல்லை. "காஞ்ச டேங்க்தானே" என்று எங்களில் ஒருவன், என் வயதுக்காரன், ஏணி வைத்து இறங்கினான். ஏணியின் கால் அந்தப் படலத்தை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. கீழே சகதி ஈரமாகவே இருந்திருக்கிறது. குபுகுபுவென்று குமிழ் வந்தது. அவன் இன்னும் பாதி ஏணிகூட இறங்கவில்லை. தலையும் தோளும் தரைமட்டத்துக்கு மேலேதான் இருந்தன. ஏணியைப் பிடித்திருந்த கை தானாக விட்டுவிட்டது. ஒரு சத்தம்கூடப் போடவில்லை. மேஸ்திரி பாய்ந்து சட்டைக் காலரைப் பிடித்தார். நான் அக்குளில் கை கொடுத்தேன். இழுத்து வெளியே போட்டோம். பத்து நிமிஷம் கழித்துத்தான் அவன் கண் எங்களை அடையாளம் கண்டது. இன்னும் இரண்டு படி இறங்கியிருந்தால் எங்கள் கைக்கு எட்டியிருக்க மாட்டான். நான் அவனைத் தேடிக் குதித்திருப்பேன். நிச்சயமாகக் குதித்திருப்பேன். செய்தித்தாளில் ஒரே தொட்டியில் மூன்று பேர், நாலு பேர் என்று வருவதெல்லாம் இப்படித்தான் நடக்கிறது. முதலில் விழுந்தவனைக் காப்பாற்றப் போனவர்கள் அவர்கள்.

படலத்துக்கு அடியில் அடைபட்டுக் கிடந்தது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் என்று சொல்கிறோமே, அந்த வாயு. கொஞ்சமாக இருக்கும்போதுதான் அது நாறும். அளவு கூடினால் மூக்கின் உணர்ச்சியையே மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நாம் நினைக்கும் நேரத்தில் ஆளைக் கொல்லும் அளவுக்குச் சேர்ந்திருக்கலாம். அது காற்றைவிடக் கனமானது, கீழேயே தங்கும். கூடவே மீத்தேனும் இருக்கும். கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை இங்கே செய்தால் தீப்பற்றும்.

அன்று முதல் எங்கள் மேஸ்திரி எந்தத் தொட்டியிலும் யாரையும் இறக்கவில்லை. நானும் இறக்கியதில்லை. சட்டம் தெரிந்து செய்த முடிவு இல்லை அது. பயத்தில் எடுத்த முடிவு. சட்டம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கர்நாடகத்தின் கோலார் தங்க வயலில் 1966-இல் பிறந்த பெஜவாடா வில்சனின் குடும்பம் அங்கே எடுப்புக் கக்கூஸ்களில் மலம் அள்ளிய குடும்பம். மனிதர் மலம் அள்ளுவதை ஒழிக்க அவரும் சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் இயக்கமும் பல வருஷம் போராடினார்கள், வழக்கு போட்டார்கள். 2013-இல் வந்த சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ இறக்குவதைக் குற்றமாக்கியது. முதல் முறைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியிருக்கிறது. சாவு நிற்கவில்லை. இறங்கச் சொல்லி அனுப்பப்படுகிறவர்கள் இன்றும் பெரும்பாலும் தலித் சமூகத்து ஏழைப் பிள்ளைகள். குழாய் வேலைக்கு என்று கூப்பிட்டு, கடைசியில் தொட்டிக்குள் இறங்கச் சொல்லும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். ஐந்நூறு ரூபாய் கூடுதல் தருகிறேன் என்பார்கள்.

அஜ்ஜி நான் சொல்லி முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு மகனிடம், "நாளைக்கே மூடச் சொல்லு" என்றார்.

நாளைக்கே மூட முடியாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கக்கூஸிலிருந்து தொட்டிக்குப் போன பழைய பைப்பை வெட்டி, இரண்டு முனையையும் அடைத்தோம். செப்டிக் டேங்க் லாரியை வரவழைத்து, குழாயை மேலிருந்தே இறக்கி, தண்ணீர் பீய்ச்சிச் சகதியைக் கலக்கி, கலக்கியதை உறிஞ்சி எடுத்தோம். எட்டடி நீளம், நாலடி அகலம், ஐந்தடி ஆழம். இருபது வருஷச் சகதி. இரண்டு நடை ஆனது. ஓட்டுநரிடம் எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டேன். எப்போதும் கேட்பேன். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் ஏரிக்கரையில் திறந்துவிட்டால், நம் வீட்டிலிருந்து எடுத்ததை இன்னொருவர் வீட்டு வாசலில் போட்டதாகத்தான் அர்த்தம். பெங்களூருக்குப் பக்கத்தில் தேவனஹள்ளியில் செப்டிக் டேங்க் சகதிக்காகவே ஒரு சுத்திகரிப்பு நிலையம் 2015-இல் தொடங்கினார்கள். சகதி அங்கே உரமாகிறது. லாரி இருக்கும் ஒவ்வொரு ஊருக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

அடுத்து, சப்படிக் கற்களைப் பக்கவாட்டில் நின்று கயிறு கட்டி ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தோம். கல்லின் மேல் யாரும் நிற்கவில்லை. சுற்றிலும் கழி நட்டு வேலி கட்டி, இரண்டு நாள் வெயிலிலும் காற்றிலும் திறந்து விட்டோம். சுண்ணாம்பு தூவினோம். தொட்டியின் தரை செங்கல் பரப்பிச் சாந்து பூசியது. நீளக் கம்பியால் மேலிருந்தே குத்தி நாலைந்து துளை போட்டோம். இதற்கு மட்டும் அரை நாள் போனது. உள்ளே இறங்கினால் பத்து நிமிஷ வேலை என்று பையன் சொன்னான். அரை நாள் ஆகட்டும் என்றேன். துளை போடாமல் மண் கொட்டினால், மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தொட்டிக்குள்ளேயே தேங்கி, மேல்தரை சேறாகி உள்வாங்கும்.

அடியில் ஓரடி உடைந்த செங்கல். அதன்மேல் செம்மண், ஓரடிக்கு ஓரடி தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கினோம். ஏறக்குறைய இரண்டு யூனிட் மண் பிடித்தது. மேலே உடனே தளம் போடவில்லை. ஒரு மழைக்காலம் போகட்டும், மண் இறங்குகிற அளவு இறங்கட்டும், பிறகு மட்டம் செய்து கல்லைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மழைத்தண்ணீர்த் தொட்டி வேண்டுமென்றால் புதிதாகக் கட்டுங்கள் என்றும் சொன்னேன். மலம் ஊறிய சுவரைக் கழுவிச் சுத்தமாக்கலாம் என்று நான் யாருக்கும் உறுதி தர மாட்டேன். அடுத்த வருஷம் அந்தத் தெருவில் வேறு வேலைக்குப் போனபோது பார்த்தேன். துவைக்கும் கல் பழைய இடத்திலேயே, கெட்டியான தரைமேல் இருந்தது.

என் வீட்டில் இன்றும் செப்டிக் டேங்க்தான். நாங்கள் இருக்கும் பக்கத்தில் லைன் இல்லை. அதனால் டேங்க்கைக் குறைவாகப் பேச மாட்டேன். இடமும் இடைவெளியும் இருந்து, ஒழுங்காகக் கட்டி, காலத்தில் சகதி எடுத்தால் அது நல்ல ஏற்பாடுதான். எங்கள் டேங்க்கின் மூடி தரைமட்டத்தில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. மேலே டைல்ஸ் ஒட்டவில்லை. வாயு போகும் குழாய் கூரைக்கு மேலே நீட்டியிருக்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை லாரி வருகிறது. கடைசியாக எடுத்த தேதியைக் குளியலறைக் கதவின் உள்பக்கம் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன். இங்கே ஓடையில் கொட்டுகிற எதுவும் குண்டலு ஆற்றோடு போய் நஞ்சன்கூடு பக்கம் கபினியில் சேரும். கபினித் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதை நினைத்துப் பார்த்தால் லாரிக்காரரிடம் ஒரு கேள்வி கேட்பது பெரிய வேலை இல்லை.

உங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்தால் தயங்காமல் சேருங்கள். சேரும்போது பிளம்பரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வாட்டம் எவ்வளவு கிடைக்கிறது? மழைத்தண்ணீர் எங்கே போகிறது? பழைய தொட்டியை எந்த நாளில், எப்படி மூடப்போகிறீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாதவருக்கு முழுக் கூலியையும் கொடுத்துவிடாதீர்கள். மூடும் செலவை முதல் எஸ்டிமேட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். ஏற்கனவே சேர்ந்துவிட்டவர்கள், பழைய தொட்டி எங்கே இருக்கிறது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு வையுங்கள். தெரிந்தவர்கள் இருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

சாக்கடையையும் செப்டிக் டேங்க்கையும் இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்வதற்கு 14420 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்த தொட்டி, காலித் தொட்டி, சின்னத் தொட்டி, ஒரு நிமிஷ வேலை, எதுவாக இருந்தாலும் சரி. யாரையும் உள்ளே இறக்காதீர்கள்.